பெரிய வீட்டு வாசலில் ஒரு சின்ன வீடு

காரைக்குடிப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். படியேறியதும் அண்ணாந்து பார்ப்பார்கள். "அப்பாடி, எவ்வளவு பெரிய தூண்!" என்பார்கள். தூண் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். தேக்கு எங்கிருந்து வந்தது, எத்தனை அறை, எத்தனை ஜன்னல் என்று விசாரிப்பார்கள். திண்ணைக் கோடியில் இருக்கும் சின்ன அறையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அதன் கதவோரம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

அந்த அறையில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். கல்யாணமாகி நான் இந்த வாசலுக்கு வந்து இருபத்துநாலு வருஷம் ஆகிறது. பெரிய வீடு எங்களுடையது அல்ல. சாவி மட்டும் எங்களிடம். ஆனால் செட்டிநாட்டு வீடு ஒன்று பிழைத்திருப்பதும் பாழாவதும் வளவில் இருக்கும் பளிங்கில் இல்லை, வாசலில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இருக்கிறது என்பது இத்தனை வருஷத்தில் நான் கண்ட உண்மை. அதைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

வெள்ளைக்காரர் ஊரிலும் உண்டு

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பிரபுக்களின் மாளிகைகள் சாலையிலிருந்து வெகு தூரம் உள்ளே தள்ளி இருக்கும். சாலையோரத்துப் பெரிய இரும்புக் கேட்டை ஒட்டிக் குட்டியாக ஒரு வீடு இருக்கும். கேட்டைத் திறந்து மூடுகிறவர் தம் குடும்பத்தோடு அதில் குடியிருப்பார். அந்தச் சின்ன வீட்டுக்குப் பெயர் 'லாட்ஜ்'! நமக்கு லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டு எதிரில் ராத்தங்குகிற இடம். பெரிய மாளிகையின் ஜாடையிலேயே அந்தச் சின்ன வீட்டையும் அழகாகக் கட்டுவார்களாம். வருகிற விருந்தாளிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று வாசலிலேயே ஒரு சாம்பிள் காட்டிவிடுவதற்காக.

செட்டிநாட்டில் பெரிய வீடே தெருவில் வந்து நிற்கிறது. அதனால் தனியாகக் கேட் வீடு கட்டாமல், வீட்டின் முன்பகுதியிலேயே அந்த வேலைக்கு இடம் வைத்துவிட்டார்கள். அதற்குப் பெயர்தான் முகப்பு.

முகப்பு என்றால் என்ன?

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில். எல்லாக் கதவையும் திறந்துவிட்டு வாசலில் நின்றால் கடைசிக் கதவு வரைக்கும் ஒரே நேர்கோட்டில் பார்வை போகும். முதலில் முகப்பு. அதைத் தாண்டி நிலைக்கதவு. அப்புறம் நடுவே வானம் தெரிகிற வளவு. அதைச் சுற்றி ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் ஓர் அறை. அதற்குப் பின் இரண்டாங்கட்டு, சமையல் வேலைக்கு மூன்றாங்கட்டு.

தெருவை விட முகப்பு நன்றாக உயர்ந்திருக்கும். நகரத்தார் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வெள்ளத்தைக் கண்டு இங்கே வந்தவர்கள், அந்தப் பயம் போகாமல்தான் இத்தனை உயரமாக மேடை எடுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். படியேறினால் வலமும் இடமும் நீளமான திண்ணைகள். முன்னால் தேக்குத் தூணோ கல்தூணோ வரிசையாக நிற்கும். நடுவே சித்திர வேலைப்பாடு செய்த நிலை. அதன் தலைமாட்டில் கஜலட்சுமி.

கையில் காசு இருந்த குடும்பங்கள் முகப்பில்தான் தாராளமாகச் செலவழித்தன. தேக்கு பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, சுவரில் பதிக்கும் பூ ஓடு ஜப்பானிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. இத்தனை அலங்காரத்துக்கும் நடுவே, திண்ணையின் கோடியில், வெள்ளைச் சுவரும் ஒற்றைக் கதவுமாக ஓர் அறை இருக்கும். அதுதான் கணக்குப்பிள்ளை அறை.

அறையில் இருந்தவர்கள்

நகரத்தார் கொண்டு விற்றது, கொடுத்து வாங்கியது எல்லாம் கடல் கடந்த தேசங்களில். பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று போனார்கள். கடைப் பொறுப்புக்குப் போகிற ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினால் மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்புவார்.

அங்கே அவர்கள் எப்படி இருந்தார்கள் தெரியுமா? சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்று ஒரு நீளமான கூடம். ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு இடம், ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை. பகலில் அங்கேயே வியாபாரம், ராத்திரி அங்கேயே பாய் விரித்துத் தூக்கம். பாய் அகலத்தில் படுத்து எழுந்தவர்கள் அனுப்பிய பணத்தில்தான் இங்கே இத்தனை பெரிய முகப்புகள் எழுந்தன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும்.

ஊரில் வந்து சேரும் பணத்துக்கும் கடிதத்துக்கும் கட்டட வேலைக் கூலிக்கும் கணக்கு வைக்க ஓர் ஆள் வேண்டுமே. அவர்தான் கணக்குப்பிள்ளை. என் மாமனாரின் தகப்பனார் இந்த வீட்டில் அந்த வேலை பார்த்தவர். திண்ணையில் கோரைப் பாய் விரித்து, முன்னால் மூடி போட்ட சாய்வு மேசையை வைத்துக்கொண்டு எழுதுவாராம். அந்த மேசை இன்னமும் எங்கள் அறையில் இருக்கிறது. என் மகள் பத்தாம் வகுப்புக்கு அதில்தான் படித்தாள்.

பிறகு காலம் மாறியது. 1930-களில் உலகம் முழுக்க விலைவாசி விழுந்தபோது பர்மாவில் நெல் விலையும் விழுந்தது. கடன் வாங்கியவர்களால் பணமாகத் திருப்பித் தர முடியவில்லை, நிலத்தைத் தந்தார்கள். 1937 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. நிலத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர முடியுமா? 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். எத்தனையோ பேர் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். 1948-ல் சுதந்திரம் அடைந்த பர்மாவில் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. 1964-ல் கடைகளும் தேசியமயமாயின. இங்கே பாதியில் நின்ற மாடிகள் பாதியிலேயே நின்றன.

பிள்ளைகள் படித்து மதராஸ், கோயம்புத்தூர், வெளிநாடு என்று போனார்கள். என் மாமனார் காலத்தில் எழுதக் கணக்கு இல்லை. ஆனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் யாரிடமாவது சாவியைக் கொடுக்க வேண்டுமே! கணக்கு போய்விட்டது, சாவி நின்றது. கணக்குப்பிள்ளை அறை காவல் அறை ஆன கதை இதுதான். இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் இப்படித்தான்.

பத்துக்குப் பன்னிரண்டு

எங்கள் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் நாலு பேர் இருந்திருக்கிறோம். "எப்படி?" என்று கேட்கலாம். கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள்! சுவர் ஒன்றரை அடி கனம். அந்தக் கனத்திலேயே மூன்று மாடங்கள், ஓர் அலமாரி. தலைக்கு மேல் பலகைப் பரண். தெருப் பக்கம் கம்பி போட்ட ஜன்னல், எதிரே திண்ணைப் பக்கம் கதவு. இரண்டையும் திறந்தால் சித்திரை வெயிலிலும் காற்று ஊடாடும். சமையல், பக்கத்துச் சந்தில் ஓடு போட்ட சாய்ப்பில். இட வசதி இல்லாத வீட்டில் குடித்தனம் செய்யும் சகோதரிகள் ஒன்றைக் கவனியுங்கள். தரையில் இருக்கிறதைச் சுவருக்குள்ளும் பரணுக்கும் ஏற்றிவிட்டால் அறை தானாகப் பெரிதாகிவிடும்.

சுவரின் வழவழப்பைத் தொட்டுப் பார்க்காத பெண்கள் கிடையாது. சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சுக்கு வெண்ணெயாக அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. கோடையில் முதுகைச் சாய்த்தால் மண்பானையில் சாய்ந்த மாதிரி இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. கழிப்பறை மூன்றாங்கட்டுக்குப் பின்னால். ராத்திரியில் மூன்று கதவு திறந்து, ஆளில்லாத வளவைத் தாண்டி, வௌவால் சிறகடிக்க நடக்க வேண்டும். பிள்ளையைச் சுமந்த மாதங்களில் நான் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டேன். அதனால் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் மிச்சம். கர்ப்பிணிகள் எக்காரணத்தைக் கொண்டும் தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்று அங்கே இருந்த டாக்டரம்மா கண்டித்துச் சொன்னார். அது தெரிந்தபின் இந்த வீட்டுப் பெரிய ஆச்சி, "முதல்ல வாசப் பக்கம் ஒண்ணு கட்டு, அப்புறம் மத்தது பேசுவம்" என்று தம் மகனிடம் சொல்லி, சாய்ப்பை ஒட்டி ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள். பழமையைக் காப்பாற்றுவது என்றால் பழைய கஷ்டத்தையும் சேர்த்துக் காப்பாற்றுவது என்று அர்த்தமில்லை.

திண்ணை இப்போது பெண்களுடையது

அந்தக் காலத்தில் முகப்பு ஆண்களின் ராஜ்யம். வியாபாரம், வழக்கு, வெற்றிலைப் பெட்டி எல்லாம் அங்கே. பெண்களின் நடமாட்டம் வளவிலும் அதற்குப் பின்னாலும்தான். "எனக்குக் கலியாணமாகி முப்பது வருசம் நான் இந்தத் திண்ணையில உக்காந்ததில்லை, தெரியுமா?" என்று பெரிய ஆச்சி சொல்லுவார்கள்.

இன்றைக்கு வந்து பாருங்கள். காலையில் கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவது இங்கே. பக்கத்துத் தெரு மருமகள் கைக்குழந்தைக்கு இளவெயில் காட்ட வருவது இங்கே. மாலையில் எதிர்வீட்டு மூதாட்டி, பேச ஆள் தேடி வந்து உட்காருவதும் இங்கேதான். அவருக்கு முழங்கால் வலி. நாற்காலி உயரத்துக்கு இருக்கும் திண்ணையில் உட்காரவும் எழவும் சுலபமாக இருக்கிறது. நாலு முகம் பார்த்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனால் அன்றைக்கு அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று அவர் மருமகளே சொன்னாள். மருந்துக் கடையில் கிடைக்காத மருந்து இது!

ஒரு ஜாக்கிரதை மட்டும் சொல்கிறேன். உயரமான படியும் மழைச் சாரலில் நனைந்த வழவழப்பான தரையும் வயதானவர்களுக்கு ஆபத்து. நாங்கள் படியோரம் ஒரு கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறோம். மழை நாளில் பழைய சாக்கை விரித்துவிடுவேன்.

பூட்டிய வீடு எப்படிச் சாகிறது?

வீடு இடி விழுந்து சாவதில்லை. ஓர் ஓடு நகர்ந்து சாகிறது. குரங்கோ காற்றோ ஒரு நாட்டு ஓட்டை நகர்த்திவிடும். அந்த விரற்கடை இடைவெளியில் மழை சொட்டும். கைமரம் நனையும், உளுக்கும். கைமரம் போனால் அடுத்த நாலு ஓடு சரியும். பூட்டிய வீட்டில் இதை யார் பார்ப்பார்கள்? மூன்று மழைக்காலம் போதும், தேக்கும் மண்ணாகிவிடும். வாசலில் குடியிருக்கிற ஒரு குடும்பம் செய்கிற வேலை, இதைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான். பழைய வீடு வைத்திருப்பவர்கள், கிராமத்தில் மாமியார் வீடு பூட்டிக் கிடப்பவர்கள் எல்லோருக்கும் உதவும் என்பதால், நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஓடு: ஆடிக் காற்று ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நல்ல உச்சி வெயிலில் கதவு ஜன்னல்களை மூடிவிட்டு உள்ளே நின்று கூரையைப் பாருங்கள். எங்கெல்லாம் ஒளிப்புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம் ஓடு நகர்ந்திருக்கிறது. சாக்பீஸால் தரையில் நேர்கீழே குறி போட்டு வைத்தால் வேலையாள் தேட வேண்டியதில்லை. வளவைச் சுற்றி இரண்டு சரிவு சேரும் இடத்தில் இருக்கும் தகரக் கால்வாயில் சருகு அடைக்க விடாதீர்கள்.

செடி: பறவை எச்சத்தில் விழுந்த ஆல், அரசு விதை சுவர் இடுக்கில் முளைக்கும். இரண்டு இலை இருக்கும்போது விரலால் பிடுங்கிவிடலாம். இரண்டு வருஷம் விட்டால் வேர் சுவரையே பிளந்துவிடும்.

சுவர்: சுண்ணாம்புச் சுவரில் விரிசல் கண்டால் சிமெண்டு வைத்து அடைக்காதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்டு உள்ளேயே பூட்டிவிடும். கொஞ்ச நாளில் பக்கத்துப் பூச்சும் உப்பி உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். வழவழப்பான சுவரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

தரை: ஆத்தங்குடிப் பூக்கல் நெருப்பில் சுட்டது அல்ல. கண்ணாடியின் மேல் வர்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்தக் கண்ணாடிதான் அதற்குப் பளபளப்பைக் கொடுக்கிறது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் அதற்கு விஷம். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். வழுக்காதபடி அழுத்தித் துடைத்து எடுத்துவிடுங்கள். காலால் நடக்க நடக்கத்தான் அதற்கு மெருகு.

மரம்: நிலையின் அடியிலும் தூணின் அடியிலும் வாரம் ஒருமுறை குனிந்து பாருங்கள். மண்கோடு தெரிந்தால் கரையான். உடனே தட்டிவிட்டு வேப்பெண்ணெய் தடவுங்கள். கோடு மறுபடி மறுபடி வந்தால் மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிட்டுவிட வேண்டும். சித்திர வேலைப்பாட்டில் தண்ணீர் படக்கூடாது. காய்ந்த பிரஷ்தான் நல்லது.

காற்று: வாரத்துக்கு இரண்டு நாளாவது எல்லா அறையையும் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். வௌவால், பூரான், புழுக்க வாடை மூன்றும் போகும். வளவில் மழைத் தண்ணீர் பிடிக்கும் அண்டாவைத் துணி கட்டி மூடுங்கள், இல்லாவிட்டால் கொசு.

மின்சாரம்: பழைய ஒயரை எலி கடித்திருக்கும். ஆள் இல்லாத பகுதிக்கு மெயினை நிறுத்தி வைப்பதே பத்திரம். காய்ந்த தேக்கு ஒரு பொறிக்கே பிடித்துக்கொள்ளும்.

தூணுக்கு வந்த விலை

இப்போது என் மனசை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

நகரத்தாரில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. அந்தக் கணக்கில் எங்கள் பெரிய வீட்டில் இப்போது பதினோரு புள்ளி. சென்னையில் சிலர், கோவையில் சிலர், மலேசியாவில் ஒருவர், அமெரிக்காவில் இருவர். பிள்ளையார் நோன்புக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து கூடுவார்கள். மற்ற நாளில் வளவில் காக்கைதான். பங்கு பெருகப் பெருக ஒருவருடைய பங்கு சின்னதாகிறது, ஆனால் கூரை சின்னதாவதில்லை. செலவுக்கு யார் கை நீட்டுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற நிலைமை.

இரண்டு வருஷத்துக்கு முன் பழைய சாமான் வாங்கும் ஆள் ஒருவர் வந்தார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கலைத்த வீடுகளின் தூண், கதவு, பீங்கான், எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே கடை கடையாக விலைக்கு இருக்கும். வந்தவர் வளவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முகப்புத் தூண் எட்டு, நிலைக்கதவு ஒண்ணு. உள்ள எதையும் தொட மாட்டோம். இரும்புத் தூண் நட்டு ஷீட்டு போட்டுக் குடுத்துருவோம்" என்று ஒரு தொகை சொன்னார். அது பெரிய தொகைதான், மறைப்பானேன்? பதினொரு பேருக்குப் பிரித்தாலும் கணிசமாக வரும்.

முகப்பைக் கழற்றினால் திண்ணை போகும், திண்ணையோடு எங்கள் அறையும் போகும். என் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. "நமக்கு என்ன பாத்தியதை இருக்கு? சாவிதானே நம்ம கையில" என்றார். அவர் சொன்னது நியாயம். எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மூன்று தலைமுறை இருந்தோம் என்பது பத்திரம் ஆகாது.

புள்ளிகள் கூடிப் பேசிய அன்றைக்கு நான் காப்பி கொடுத்துக்கொண்டு நின்றேன். "இதை வச்சுக் காப்பாத்தக் கட்டுபடியாகாது" என்று ஒருவர் சொன்னதும் பெரிய ஆச்சி என் பக்கம் திரும்பி, "ஏந்தா, வருசத்துக்கு என்ன செலவாகுதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள்தான் நான், ஆனால் கணக்குப்பிள்ளை வீட்டு மருமகள் ஆயிற்றே! ஓடு, ஆள் கூலி, சுண்ணாம்பு, எண்ணெய், மின்சாரக் கட்டணம் என்று ஒரு ரூபாய் விடாமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எடுத்து வந்து கொடுத்தேன். பெரிய மராமத்தும் எங்கள் சம்பளமும் நீங்கலாக, அந்த வருஷச் செலவு 46,200 ரூபாய். பதினொன்றால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 4,200 ரூபாய்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அமெரிக்காவிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தவர், "இவ்வளவுதானா? நான் என்னமோ லட்சக்கணக்கில் ஆகும் என்று பயந்துகொண்டிருந்தேன்" என்றார். பெரிய ஆச்சி, "உள்ள இருக்கிற சாமானுக்கு நாலு பேரு பங்கு கேக்கலாம். வாசல் தெருவுக்குப் பொது. அதை விக்க நமக்கு மனசு வரலாமா?" என்றார்கள்.

அன்றைக்கு விற்பனை நின்றது. இப்போது எட்டுப் பேர் வருஷப் பங்கைத் தவறாமல் அனுப்புகிறார்கள். மூன்று பேர் இன்னும் ஒப்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவரவர் கஷ்டம் அவரவருக்கு. அடுத்த படைப்புக்குக் கூடும்போது மறுபடி பேச்சு வரும். அதற்கென்று இந்த வருஷ நோட்டையும் ஒழுங்காக எழுதிக்கொண்டு வருகிறேன்.

மற்ற இடங்களில்

நாலு பேர் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் போன்ற சில பெரிய வீடுகள் தங்கும் விடுதியாகி, கூரையும் தூணும் பிழைத்துக்கொண்டன. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்றை எழுப்பி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குக் காட்ட அருமையான இடம். செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இங்கிலாந்தில் 1965-ல் தொடங்கிய லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற தர்ம ஸ்தாபனம், பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து, விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தைப் பராமரிப்புக்குப் பயன்படுத்துகிறது. கேட் ஓரத்துக் குட்டி வீடுகளும் அவற்றில் உண்டு. அயர்லாந்திலும் 1992-ல் இப்படி ஒரு டிரஸ்ட் ஏற்பட்டது. எனக்கு இதில் பிடித்தது, மாளிகைதான் பெருமை என்று நினைக்காமல் வாசல் வீட்டையும் ஒரு பொருட்டாக மதித்தார்களே, அதுதான். எல்லா வீடும் விடுதியாக முடியாது. ஆனால் எல்லா வீட்டிலும் முன்னால் ஓர் அறையில் ஒரு குடும்பம் இருக்க முடியும். ஒரு தையல்காரி இருக்கலாம், டியூஷன் எடுக்கிற பெண் இருக்கலாம். வாடகை வராவிட்டால் போகிறது, விளக்கு எரியுமே!

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

உங்களில் பலருக்குச் சொந்த ஊரில் பூட்டிய வீடு ஒன்று இருக்கும். செட்டிநாட்டு அரண்மனையாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு திண்ணை வைத்த ஓட்டு வீடாகவே இருக்கட்டும். அடுத்த முறை போகும்போது உச்சி வெயிலில் ஒருமுறை கூரையை அண்ணாந்து பாருங்கள். ஒளிப்புள்ளிகளை எண்ணுங்கள். வருஷச் செலவை ஒரு காகிதத்தில் எழுதிப் பங்காளிகளின் எண்ணிக்கையால் வகுத்துக் காட்டுங்கள். 'கட்டுபடியாகாது' என்ற பேச்சு பாதிக்கு மேல் கணக்குத் தெரியாததால் வருவதுதான்.

அங்கே சாவி வைத்திருக்கிற அம்மா ஒருத்தி இருந்தால், உள்ளே நடப்பதற்கு முன் அவளிடம் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஓடு ஒழுகுகிறது, எந்தத் தூணில் கரையான் ஏறுகிறது என்று உங்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். அவளுக்கு ராத்திரியில் போக ஒரு கழிப்பறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவள் அந்த வாசலில் சௌகரியமாக இருக்கும் வரைக்கும் உங்கள் பெரிய வீட்டுக்கு ஒரு குறையும் வராது.